ராஸ்-குரோமார்ட்டியைத் தேடி: சிங்கப்பூரிலிருந்து பயன்படும் இலவசத் தளங்கள், ஒரு மதிப்பீடு

டோபி காட் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில், ஆர்ச்சர்ட் ரோட்டில் செங்கல் முகப்போடு நிற்கிறது மெக்டானல்ட் ஹவுஸ். 1949-இல் திறந்த கட்டடம். 1965 மார்ச் 10 குண்டுவெடிப்பால் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அதன் பெயர் தெரியும். அந்தப் பெயருக்குரிய மால்கம் மெக்டானல்ட் 1946-இல் மலாயா ஒன்றியம், சிங்கப்பூர் இரண்டுக்குமான தலைமை ஆளுநராக இங்கே வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுவரை அவர் ஸ்காட்லாந்தின் வடக்கு மேட்டுநிலத்தில் ராஸ்-குரோமார்ட்டி என்ற தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1832-இல் உருவாகி 1983-இல் கலைக்கப்பட்ட கவுண்டித் தொகுதி அது (கவுண்டி, ஷயர் இரண்டும் மாவட்டம் போன்ற நிலப்பிரிவைக் குறிக்கும் சொற்கள்).

அந்தத் தொகுதிக்கும் நம் பக்கத்துக்கும் உள்ள தொடர்பு அவரோடு தொடங்கவில்லை. முதல் உறுப்பினரான ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட்-மெக்கென்சி 1837-இல் இலங்கைக்கு ஆளுநராகப் போனார். 1847 முதல் 1868 வரை இருந்த ஜேம்ஸ் மெத்திசன், சீனாவில் அபினி வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்த ஜார்டின் மெத்திசன் நிறுவனத்தின் கூட்டாளி. ஆகவே தொடக்கக் கல்லூரி வரலாற்றுக் கட்டுரைக்கோ, மரபுடைமை நடைக்குக் குறிப்பு எடுக்கவோ இந்தத் தொகுதியைத் தேட வேண்டிய தேவை இங்கேயும் வரத்தான் செய்கிறது. லண்டனுக்கோ எடின்பரோவுக்கோ போகாமல், காசு கட்டாமல், எவ்வளவு தூரம் போக முடியும்? அதை வைத்துத்தான் இந்த மதிப்பீடு. ஒவ்வொரு தளத்துக்கும் கேட்டது மூன்று கேள்வி: யார் உறுப்பினர், யார் ஓட்டுப் போட்டார்கள், எந்த நிலம் தொகுதிக்குள் இருந்தது. மூன்றுக்கும் பதில் தரும் தளம் ஒன்றுகூட இல்லை.

ஹிஸ்டாரிக் ஹன்சார்டு

முதலில் போக வேண்டிய இடம் இதுதான். 1803 முதல் 2005 வரையிலான பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்கள் முழுக்க இலவசம், பதிவு செய்யவும் வேண்டாம். முகப்பில் தொகுதிகள், ஆட்கள், ஆண்டுகள் என்று தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. தேடல் பெட்டியை மறந்துவிட்டுப் பட்டியல் வழியே போங்கள். தொகுதிகளில் 'ஆர்' எழுத்தைத் திறந்து ராஸ்-குரோமார்ட்டியைத் தொட்டால் உறுப்பினர்கள் வரிசையும் அவர்கள் இருந்த காலமும் வரும். ஒரு பெயரைத் தொட்டால் அவர் பேசியவை ஆண்டுவாரியாக விரியும். ஐந்து நிமிட வேலை.

குறை என்னவென்றால், அந்தப் பட்டியலில் வாக்கு எண்ணிக்கை இல்லை, எதிர்த்து நின்றவர் இல்லை, எல்லை பற்றி ஒரு சொல் இல்லை. 1832-க்கு முந்தைய ராஸ்-ஷயர், பிறகு வந்த ராஸ்-குரோமார்ட்டி, 1983-இல் வந்த ராஸ், குரோமார்ட்டி அண்ட் ஸ்கை மூன்றும் வெவ்வேறு தொகுதிகள். ஒரு பக்கத்தில் நின்றுகொண்டு மற்றதற்கு வழி கேட்டால் தளம் சொல்லாது. சார்லஸ் கென்னடி 1983-இல் வென்றது மூன்றாவதை. அவரை ராஸ்-குரோமார்ட்டி உறுப்பினர் என்று எழுதுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை. இந்தத் தொகுதியின் கடைசி உறுப்பினர், 1970 முதல் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் ஹேமிஷ் கிரே.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். ஹன்சார்டு சொல்லுக்குச் சொல் பதிவாகத் தொடங்கியது 1909-இல்தான். அதற்கு முந்தைய பதிவுகள் பெரும்பாலும் செய்தித்தாள்களிலிருந்து சுருக்கித் தொகுத்தவை. மெத்திசனின் பக்கம் மெலிந்து இருப்பதைப் பார்த்து, "இருபது ஆண்டு வாயே திறக்கவில்லை" என்று எழுதிவிடக் கூடாது. பேசியது பதிவாகாமல் போயிருக்கலாம்.

இந்தத் தளத்தின் முழுப் பயனும் தெரிய 1941-க்குப் போய்ப் பாருங்கள். மெக்டானல்டைக் கனடாவுக்குத் தூதராக அனுப்பினார்கள். அரசாங்கச் சம்பளப் பதவி ஏற்றால் உறுப்பினர் இடம் போய்விடும் என்பது பழைய விதி. போர்க்காலம் என்பதால் அதைத் தளர்த்தத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். மனிதர் ஒட்டாவாவில், தொகுதி அவர் பெயரிலேயே 1945 வரை. பிப்ரவரி 1941-ஐத் திறந்து, உறுப்பினர் தகுதியிழப்புத் தற்காலிக மசோதா என்ற தலைப்பில் விவாதங்களைப் படியுங்கள். மசோதாவுக்காக வாதாடியவர் பிரதமர் சர்ச்சில். ஐந்து ஆண்டுக்கு முன் அதே தொகுதியில் மெக்டானல்டிடம் தோற்றவர்களில் ஒருவர் சர்ச்சிலின் மகன் ராண்டால்ஃப். அவையில் இதை நினைத்துச் சிரித்தவர் எத்தனை பேரோ.

நியூஸ்பேப்பர்எஸ்ஜி

தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தளம் இந்த வேலைக்குப் பயன்படும் என்று பலருக்குத் தோன்றாது. ஆனால் அன்றைய சிங்கப்பூர் ஆங்கிலப் பத்திரிகைகள் லண்டன் தந்திச் செய்திகளை நிறையப் போட்டன. 1936 இடைத்தேர்தல் மாதிரி விஷயத்துக்கு இது கைகொடுக்கும்.

அந்த இடைத்தேர்தலின் பின்னணி தெரிந்தால் தேடல் எளிது. மெக்டானல்ட் 1935 நவம்பர் பொதுத்தேர்தலில் பாசெட்லா தொகுதியில் தோற்றார். அமைச்சராக நீடிக்க வேறு இடம் வேண்டும். ராஸ்-குரோமார்ட்டி உறுப்பினர் இயன் மெக்ஃபர்சன் பிரபுப் பட்டம் பெற்று மேலவைக்குப் போனதால் இடம் காலியானது. வாக்களிப்பு 1936 பிப்ரவரி 10. ஆக, தேடல் காலத்தை ஜனவரி முதல் பிப்ரவரி கடைசி வரை என்று குறுக்கிக்கொள்ளுங்கள். தொகுதிப் பெயரை ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குள் ஒருமுறை, இரண்டு பெயருக்கும் நடுவே & போட்டு ஒருமுறை, 'குரோமார்ட்டி' மட்டும் ஒருமுறை, வேட்பாளர் பெயரோடு ஒருமுறை என நான்கு விதமாகத் தேட வேண்டும். பழைய அச்சைக் கணினி படிக்கும்போது எழுத்து குழம்பும். குறிப்பாகத் தந்திப் பத்திகளின் பொடி எழுத்தில் ஊர்ப் பெயர்கள் சிதைந்திருக்கும். ஆள் பெயர் சிக்கும் இடத்தில் ஊர்ப் பெயர் சிக்காது.

முடிவு இது: தேசியத் தொழிற்கட்சியின் மெக்டானல்ட் 8,949, தொழிற்கட்சியின் ஹெக்டர் மெக்நீல் 5,967, யூனியனிஸ்ட் ராண்டால்ஃப் சர்ச்சில் 2,427, லிபரல் ரசல் தாமஸ் 738. கூட்டினால் 18,081. வைப்புத்தொகை அன்று 150 பவுண்டு. எட்டில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் அது போய்விடும். நம் ஊரில் இன்றும் அதே எட்டில் ஒன்றுதான் கணக்கு. 18,081-இல் எட்டில் ஒரு பங்கு 2,260 சொச்சம். இளைய சர்ச்சில் ஏறக்குறைய 167 வாக்கில் பணத்தைக் காப்பாற்றிக்கொண்டார். லிபரலுக்கு அதுவும் இல்லை. பத்திரிகைத் தந்தியில் ஓர் இலக்கம் மாறி அச்சாவது சாதாரணம். அதனால் வாக்கு எண்ணிக்கையைத் தந்தியிலிருந்து மட்டும் எடுத்து எழுதாதீர்கள். எஃப். டபிள்யூ. எஸ். கிரெய்க் தொகுத்த தேர்தல் முடிவு நூல்கள்தான் இதற்கு ஆதாரம். 1832 தொடங்கிக் காலவாரியாகப் பல பாகங்கள் உள்ளன. நூலகப் பட்டியலில் ஆசிரியர் பெயரால் தேடுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போனால் இந்தத் தளத்தின் பயன் சட்டென்று குறைகிறது. தந்திக் கம்பி சிங்கப்பூருக்கு வந்தது 1870களின் தொடக்கத்தில். அதற்கு முன் எல்லாம் தபால் கப்பல்தான். பி அண்ட் ஓ தபால் சேவையே 1845 ஆகஸ்டில்தான் இங்கே வந்தது. 1847 பொதுத்தேர்தலில் மெத்திசன் வென்ற சேதியைத் தேர்தல் நடந்த வாரத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இரண்டு, மூன்று மாதம் தள்ளித் தேட வேண்டும். அப்போதும் ஒரு வரிதான் இருக்கும், தனித் தலைப்பு இராது. பிற்கால இதழ்கள் சிலவற்றை விக்டோரியா ஸ்திரீட் நூலகக் கணினியில்தான் பார்க்க முடியும். நம் தேவை பெரும்பாலும் அதற்கு முந்தைய காலம் என்பதால் இது பெரிய தடை இல்லை.

ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட்

1832-க்கு முன்பு என்றால் இதை விட்டால் வேறு இல்லை. தொகுதிக்கு ஒரு கட்டுரை, உறுப்பினருக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு, எல்லாம் இலவசம். ஸ்காட்லாந்து 1707-இல்தான் இணைந்தது என்பதால் 1690–1715 தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முந்தைய தொகுப்புகளில் ராஸ்-ஷயர் இராது. கட்டுரைத் தலையிலேயே வாக்காளர் எண்ணிக்கை இருக்கும். அதைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். கவுண்டி அரசியலின் சாவி அந்த வரியில்தான் இருக்கிறது.

அன்று ஸ்காட்டியக் கவுண்டியில் ஓட்டு நிலத்துக்குத்தான். அரசரிடமிருந்து நேரடியாக நிலவுரிமை பெற்று, பழைய வரி மதிப்பில் 400 ஸ்காட்ஸ் பவுண்டு வருமானம் உள்ளவருக்கு ஒரு வாக்கு. 12 ஸ்காட்ஸ் பவுண்டு ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு என்பதால் அது 33 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். பெரிய நிலக்கிழார் தன் மேலுரிமையை (அரசரிடமிருந்து பெற்ற அந்த நேரடி உரிமையை)த் தாளிலேயே 400, 400-ஆகக் கூறுபோட்டு, சொந்தக்காரருக்கும் வக்கீலுக்கும் கொடுத்துவிடுவார். நிலம் கைமாறாது, ஓட்டு மட்டும் பெருகும். கட்டுரைகளில் 'பெயரளவு வாக்கு', 'போலி வாக்கு' என்று வருவதெல்லாம் இதுதான். இது புரியாமல் படித்தால் இரண்டு குடும்பச் சண்டையாக மட்டும் தெரியும்.

தொகுப்புக்குத் தொகுப்பு தரம் ஒன்றாக இல்லை. 1970-இல் வெளியான 1715–54 பகுதி மிகச் சுருக்கம். 2002-இல் வந்த 1690–1715, 2009-இல் வந்த 1820–32 இரண்டும் வளம். 1820–32-இல் ஸ்டூவர்ட்-மெக்கென்சியைத் தேடும்போது ஒரு சிக்கல். அவர் பிறந்தது ஸ்டூவர்ட். 1817-இல் சீஃபோர்த் குடும்ப வாரிசான மேரி மெக்கென்சியை மணந்து மெக்கென்சியைச் சேர்த்துக்கொண்டவர். 'எஸ்' வரிசையிலும் 'எம்' வரிசையிலும் பாருங்கள். (மேரியின் முதல் கணவர் கடற்படைத் தளபதி சர் சாமுவேல் ஹுட், 1814-இல் சென்னையில் இறந்தவர்.) அந்தக் குடும்பத்தின் லூயிஸ் தீவைத்தான் 1844-இல் மெத்திசன் வாங்கினார், மூன்று ஆண்டில் உறுப்பினர் இடமும் அவர் கைக்கு வந்தது. இந்தக் கோர்வையைத் தளம் நமக்காகக் கோத்துத் தராது. 1832-க்குப் பிந்தைய பகுதி இன்னும் தயாராகிக்கொண்டிருப்பதால் கதை நடுவிலேயே அறுந்துவிடும். மெக்கென்சிகள் வேறு குவிந்து கிடக்கிறார்கள். பெயரால் பிரித்தறிய முயலாமல் எஸ்டேட் பெயரோடு சேர்த்துக் குறித்துக்கொள்வதுதான் ஒரே வழி.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம்

ஐந்துக்கு ஐந்து. எல்லை எங்கே என்ற கேள்விக்கு இதுதான் பதில். அதுவும் குரோமார்ட்டி-ஷயர் மாதிரி ஒரு விநோதத்தை எழுத்தில் படித்தால் தலை சுற்றும். டார்பட்டின் சர் ஜார்ஜ் மெக்கென்சி பதினேழாம் நூற்றாண்டுக் கடைசியில் தன் நிலங்களையெல்லாம் அந்தச் சின்ன ஷயரோடு சேர்க்க வைத்தார். விளைவு, ராஸ்-ஷயர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள். கிழக்குக் கடலோரத்தில் குரோமார்ட்டி ஊர். மேற்குக் கரையில் அல்லப்பூல் சுற்றிய கோயிகாக். இரண்டும் ஒரே ஷயர். 1832-க்கு முன் இந்த ஷயர் நேர்ன்-ஷயரோடு முறை வைத்து, ஒரு நாடாளுமன்றம் விட்டு ஒரு நாடாளுமன்றம் உறுப்பினர் அனுப்பியது. 1832 சட்டம் ராஸோடு சேர்த்து ஒரே தொகுதியாக்கியதால்தான் இந்தத் துண்டுக் குழப்பம் தேர்தலைப் பொறுத்தவரை தீர்ந்தது.

தாம்சனின் 1832 அட்லஸில் ராஸ்-குரோமார்ட்டி தாளைத் திறந்து முதலில் மொத்த வடிவத்தைப் பாருங்கள். பிறகு ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என வரைந்த ஆர்டினன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசு நில அளவை) வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்து, ஒளிபுகும் அளவை நகர்த்தும் பட்டையால் ஒப்பிடுங்கள். ஆறு அங்குலத் தாள்கள் பெருநிலத்துக்கு ஒரு வரிசை, லூயிஸ் தீவுக்கு வேறு வரிசை. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் பிறகு எந்த வரிசை என்று தெரியாமல் போகும். கைப்பேசியில் இந்தத் தளம் சிரமம், மடிக்கணினியில் பாருங்கள்.

பழகுவதற்கு ஃபைரிஷ் என்று தேடிப் பாருங்கள். ஆல்னஸ் ஊருக்கு மேலே குன்றில் ஒரு நினைவுச் சின்னம் வரும். நாகப்பட்டினத்தின் கோட்டை வாசலைப் போலக் கட்டியது. 1781-இல் டச்சுக்காரரிடமிருந்து நாகையைப் பிடித்த நோவாரின் சர் ஹெக்டர் மன்ரோ எழுப்பியது. நிலம் ராஸ்-ஷயரில், ஆனால் அவர் உறுப்பினராக இருந்தது இன்வர்னஸ் பர்க்ஸ் தொகுதிக்கு. ராஸ்-ஷயர் பட்டியலில் தேடினால் கிடைக்கவே மாட்டார்.

எல்லாத் தளமும் சொல்லாமல் விடுவது

அந்த மன்ரோ விஷயம்தான் பெரிய பள்ளம். ஸ்காட்லாந்தில் கவுண்டி வேறு, பர்க் எனப்பட்ட நகரங்கள் வேறு. டிங்வால், டெய்ன், குரோமார்ட்டி ஊர்களின் பர்க் வாக்காளர்கள் 1918 வரை விக் பர்க்ஸ் தொகுதிக்கும், ஃபோர்ட்ரோஸ்காரர்கள் இன்வர்னஸ் பர்க்ஸுக்கும் வாக்களித்தார்கள். கவுண்டியின் பெயரில் பாதியைச் சுமந்த குரோமார்ட்டி ஊரே கவுண்டித் தொகுதியில் இல்லை! 1918-இல்தான் நான்கும் உள்ளே வந்தன.

அதே 1918-இல் லூயிஸ் தீவு வெளியே போய், இன்வர்னஸ்-ஷயரின் ஹாரிஸ், யூயிஸ்ட், பாரா தீவுகளோடு சேர்ந்து வெஸ்டர்ன் ஐல்ஸ் ஆனது. ஆனால் நிர்வாகக் கவுண்டியில் லூயிஸ் 1975 வரை நீடித்தது. ஆகவே 1931, 1951 குடிக்கணக்கில் ராஸ்-குரோமார்ட்டி கவுண்டியின் மக்கள்தொகையை எடுத்து, மெக்டானல்ட் தொகுதியின் அளவு என்று எழுதினால் ஒரு தீவே கூடுதலாக வந்துவிடும். ஜூரோங் குழுத்தொகுதி 2025 தேர்தலில் கலைந்தபோது எந்த புளோக் எங்கே போனது என்று நாம் வரைபடத்தை வைத்துப் பார்த்தோமே, அதே கவனம் இங்கேயும் வேண்டும்.

யார் வாக்காளர் என்பதும் பெயர் மாறாமலே மாறியது. 1832-இல் 10 பவுண்டு மதிப்புள்ள சொத்துக்காரரும் பெரிய குத்தகைதாரரும்; 1868-இல் 5 பவுண்டு உரிமையாளர், 14 பவுண்டு குடியிருப்பாளர்; 1884-இல் வீட்டுத் தலைவர்கள். 1872 முதல் ரகசிய வாக்கு. நிலக்கிழார் நோவாரின் ரோனல்ட் மன்ரோ-ஃபெர்குசன் 1884 இடைத்தேர்தலில் வென்று, அடுத்த ஆண்டே கிராஃப்டர் எனப்பட்ட சிறு குத்தகை உழவர்களின் வேட்பாளர் டாக்டர் ரோடரிக் மெக்டானல்டிடம் தோற்றது ஏன் என்பதற்கு 1884 சட்டம்தான் முதல் காரணம். தொகுதி அதே தொகுதி. ஓட்டுப் போட்டவர்கள்தான் வேறு. தோற்றவர் பிறகு ஆஸ்திரேலியாவின் தலைமை ஆளுநரானார். ஹிஸ்டாரிக் ஹன்சார்டின் பட்டியலில் இது இரண்டு வரி, அவ்வளவுதான்.

இந்த 1885 கதைக்கு இலவசத் தளங்கள் போதாது. மேட்டுநில உள்ளூர்ப் பத்திரிகைகள் வேண்டும், அவை கட்டணத் தளமான பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்வில். தேடுவது அங்கே இலவசம், பக்கத்தைத் திறக்கத்தான் காசு. முதலில் தேடி, தேவையான தேதிகளையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, ஒரே மாதச் சந்தாவில் மொத்தமாகப் படித்து முடித்துவிட்டு நிறுத்துவது சிக்கனம். உறுப்பினர் தேர்வான அறிவிப்புத் தேதி மட்டும் போதுமென்றால் தி கெஸட் தளத்தில் லண்டன், எடின்பரோ கெஸட் இரண்டும் இலவசம்.

எங்கேயாவது முட்டிக்கொண்டால் தேசிய நூலகத்தின் மேற்கோள் (ரெஃபரன்ஸ்) சேவைக்கு எழுதலாம். "ராஸ்-குரோமார்ட்டி பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று எழுதாதீர்கள். ஆண்டு, உறுப்பினர் பெயர், இதுவரை பார்த்த தளங்கள், போட்டுப் பார்த்த ஆங்கிலச் சொற்கள், எந்தத் தேதிக்குள் பதில் தேவை என்று ஐந்தையும் முதல் கடிதத்திலேயே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் பதில் அவற்றைக் கேட்டுத்தான் வரும்.